கழித்துப் பெறுவதா சாளரம்?

திருவனந்தபுரத்தில் உள்ளூர் என்றே பெயர் கொண்ட பகுதியில், 1971இல் தொடங்கப்பட்ட வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகத்திற்குள் ஒரு கணினி மையம் இருக்கிறது. லாரி பேக்கர் கட்டியது. அதற்குச் சுவர் இரண்டு. வெளிச்சுவர், ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் வட்டங்களாக வளைந்து நிற்கும் செங்கல் ஜாலி. உட்சுவர், கணினிக் கூடத்திற்கு வேண்டிய கட்டுப்பாடுகளுக்கு அடங்கிய மூடிய கூடு. இயந்திரத்திற்கு அடைப்பு வேண்டும், வளாகத்திற்கோ மூச்சுவிடும் செங்கல் வேண்டும் என்ற இரண்டு தேவைகளுக்கும் ஆளுக்கொரு சுவராகக் கொடுத்துவிட்டார் அவர்.

இக்கட்டடத்தை இன்றைய கட்டட வடிவமைப்பு மென்பொருள் ஒன்றில் வரைய முற்படுங்கள். உட்சுவர் சில சொடுக்குகளில் எழுந்துவிடும். வெளிச்சுவருக்கு வரும்போதுதான் கை நிற்கும். அது சுவரா, சாளரமா, திரையா? மென்பொருளின் பட்டியலில் இம்மூன்றும் தனித்தனிப் பொத்தான்கள். ஏதேனும் ஒன்றை அழுத்தாமல் மேலே செல்ல இயலாது. எதை அழுத்தினாலும் அக்கட்டடத்தைப் பற்றி ஒரு பிழையான கூற்றை எழுதியவர் ஆவோம்.

கட்டடக்கலைத் துறையில் ஆய்வு செய்பவர்களும் மாணவர்களும் இதை ஒரு தொழில்நுட்பத் தொந்தரவாக மட்டும் எடுத்துக்கொண்டு கடந்துவிடுவதை அண்மைக்காலமாக மிகுதியும் காண்கிறேன். இது தொந்தரவு என்ற அளவில் நின்றுவிடுவதன்று என்பதே என் கருத்து. சுவர் என்றால் என்ன, திறப்பு என்றால் என்ன என்பதைப் பற்றிய ஒரு கோட்பாடு அந்தப் பொத்தான்களுக்குள் இருக்கிறது. பேக்கரின் கட்டடங்கள் அக்கோட்பாட்டுக்கு எதிர்வாதமாக நிற்பவை. எதிர்வாதத்தை எதிராளியின் இலக்கணத்தில் பெயர்த்தெழுதிவிட்டு, அதற்கு ஆவணப்படுத்தல் என்று பெயரும் சூட்டுகிறோம்.

முதலில் அந்தக் கோட்பாட்டைப் பார்ப்போம். வரைபலகையின் காலத்தில் சுவர் என்பது இரண்டு இணைகோடுகள். சாளரம் வரும் இடத்தில் கோடு விட்டுப்போகும். 1970களில் அமெரிக்காவில் சார்லஸ் ஈஸ்ட்மன் போன்றோர், கோடுகளுக்கு மாறாகக் கட்டடத்தின் உறுப்புகளையே கணினியில் பொருள்களாகச் சேமிக்கலாம் என்று முன்மொழிந்தனர். அவர் தம் கட்டட விவரிப்பு முறைமையைப் பற்றி எழுதியது 1975இல். அங்கேரியில் பிறந்த ஆர்க்கிகேட் 1980களில் அதை மேசைக் கணினிக்குக் கொண்டுவந்தது. 2000இல் வெளிவந்த ரெவிட்டை 2002இல் ஆட்டோடெஸ்க் நிறுவனம் வாங்கியது. இன்று ‘பிம்’ என்ற சுருக்கப் பெயரில் எல்லாக் கல்லூரிகளிலும் புழங்கும் கட்டடத் தகவல் மாதிரியாக்கம் இந்த வழியில் வந்தது. வெவ்வேறு மென்பொருள்கள் தமக்குள் தகவல் பரிமாறிக்கொள்ள ஐ.எஃப்.சி. என்ற பொது வடிவம் உண்டு. அது ஐ.எஸ்.ஓ. 16739 என்ற பன்னாட்டுத் தரமாகவும் ஏற்கப்பட்டிருக்கிறது.

அந்தப் பொது வடிவத்தில் ஒரு சாளரம் எப்படி எழுதப்படுகிறது? சுவர் ஒரு பொருள். திறப்பு இன்னொரு பொருள், ஆனால் அது வெறுமையான பொருள். ‘இந்த வெறுமை இந்தச் சுவரைக் குடைகிறது’ என்று ஓர் உறவு. ‘இந்தச் சாளரம் இந்த வெறுமையை நிரப்புகிறது’ என்று இன்னோர் உறவு. சுவர் முழுதாக முதலில் நிற்க வேண்டும். பிறகு அதிலிருந்து ஒரு கனசதுரம் கழிக்கப்படும். கழித்த இடத்தில் சட்டமும் கதவும் கொண்ட ஓர் உருப்படி வந்து அமரும். ரெவிட்டில் சுவரை அழித்தால் அதிலிருந்த சாளரங்களும் கூடவே மறைந்துபோகும். அவற்றுக்குத் தனி இருப்பு கிடையாது, சுவர் வீட்டுக்காரர், சாளரம் குடியிருப்பவர்.

இதில் அறிவின்மை ஏதும் இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். பாரம் தாங்கும் சுவரில் ஒரு திறப்பை விட்டால் மேலிருந்து இறங்கும் எடையைப் பக்கங்களுக்குத் திருப்ப வேண்டும். அதனால் திறப்புக்குத் தனி அடையாளம் கொடுத்து, அதன் அகலத்தையும் உயரத்தையும் பதிந்துவைப்பது பொறியாளருக்குத் தேவையானதே. மருத்துவமனைக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புக்கும் ஆயிரம் கதவுகளின் பட்டியலை ஒரே சொடுக்கில் பெறுவது சிறிய உதவியன்று. என் கேள்வி அந்த முறை எங்கே பொருந்தாமல் போகிறது, பொருந்தாத இடத்தில் நாம் என்ன செய்கிறோம் என்பதுதான்.

எலிப்பொறிக் கட்டை எடுத்துக்கொள்வோம். பேக்கரின் பெயரோடு சேர்த்தே கேரளத்தில் நினைக்கப்படும் கட்டுமுறை இது. செங்கலைப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்திக் கட்டுவது. ஒன்பது அங்குலச் சுவரின் உள்முகத்தில் ஒரு கல், வெளிமுகத்தில் ஒரு கல், இரண்டும் நீளவாக்கில் நிற்கும். நடுவே மூன்று அங்குல இடைவெளி. அடுத்து, இரு முகங்களையும் பிணைக்கக் குறுக்காக ஒரு கல். பிறகு மீண்டும் இணை, மீண்டும் குறுக்குக் கல். கொத்தனார் இதைக் கண்ணாலேயே எண்ணிக்கொண்டு போவார். நாம் காகிதத்தில் எண்ணிப் பார்ப்போம். கல் ஒன்பது அங்குல நீளம், நாலரை அங்குல அகலம், மூன்று அங்குலக் கனம் என்று கொண்டு, எளிமைக்காகச் சாந்தின் கனத்தை விட்டுவிடலாம். இணை ஒன்றும் குறுக்குக் கல் ஒன்றும் சேர்ந்த ஓர் அலகு, பன்னிரண்டு அங்குல நீளமும் நாலரை அங்குல உயரமும் கொண்டது. அதில் மூன்று கற்கள் இருக்கின்றன. அதே அளவை இடைவெளியின்றி அடைத்துக் கட்டினால் நான்கு கற்கள் வேண்டும். அதாவது அந்த இடைவெளி சரியாக ஒரு கல்லின் கனஅளவு. மூன்று செங்கலுக்கு ஒரு செங்கல் அளவு காற்று. பரவலாகச் சொல்லப்படும் 25 விழுக்காட்டுச் சேமிப்பு இந்த எளிய எண்ணலிலிருந்தே வருகிறது. சிக்கிய காற்று வெயிலைத் தடுத்து நிறுத்துவது கூடுதல் பயன்.

இப்போது மென்பொருளுக்குள் செல்வோம். மாணவர் முதலில் தேர்வது ஒரே பொருளாலான சுவர்: 230 மில்லிமீட்டர் செங்கல். மென்பொருள் நீளம், உயரம், கனம் ஆகியவற்றைப் பெருக்கித் தரும். அது அடைத்துக் கட்டிய சுவரின் கணக்கு. பேராசிரியர் சுட்டிக்காட்டியதும், விவரமறிந்த மாணவர் சுவரை மூன்று அடுக்காக மாற்றுவார்: செங்கல், காற்று, செங்கல். பார்க்கச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் இம்முறை குறுக்குக் கற்கள் காற்றடுக்கில் மறைந்துவிட்டன. அந்தக் கணக்கில் இரு முகங்களும் ஒன்றையொன்று தொடாமலே நிற்கின்றன. அப்படி ஒரு சுவரைக் கட்டினால் அது நிற்குமா என்பதைத் துறை மாணவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எண்களாகச் சொன்னால், அடைத்துக் கட்ட 12,000 கல் வேண்டிய சுவருக்கு எலிப்பொறிக் கட்டில் 9,000 கல் போதும். முதல் மாதிரி 12,000 என்று சொல்கிறது. இரண்டாவது மாதிரி 8,000 என்று சொல்கிறது. கொத்தனார் மட்டுமே 9,000 என்கிறார். ஒன்று மிகை, ஒன்று குறை. இரண்டும் தசமத் துல்லியத்தோடு அச்சாகி வருகின்றன என்பதுதான் வேடிக்கை.

இதே சுவரில் ஒரு சாளரத்தை வைத்துப் பாருங்கள். எலிப்பொறிக் கட்டில் திறப்பின் இரு பக்க ஓரங்களிலும் உள்ளிடைவெளி வாய் திறந்து நிற்க விடமாட்டார்கள், கல் வைத்து அடைப்பார்கள். சாளரத்தின் அடிமட்டத்திலும் மேல்மட்டத்திலும் அடைத்த வரி ஒன்று வரும். ஆக, திறப்பு சில கற்களை விலக்குகிறது, சில கற்களைப் புதிதாகக் கேட்கிறது. மென்பொருளுக்குத் திறப்பு என்பது கழித்தல் மட்டுமே. கொத்தனாருக்கு அது கழித்தலும் கூட்டலும் சேர்ந்தது. ரெவிட்டில் திறப்பின் ஓரத்தில் அடுக்குகளைச் சுற்றி மடித்துக் காட்டும் ஓர் ஏற்பாடு உண்டு. அது பூச்சையும் பலகையையும் மனத்தில் கொண்டு செய்யப்பட்டது. நிறுத்திவைத்த செங்கலை அது அறியாது.

மேலே காரைவிட்டம் வைக்காமல், ஒவ்வொரு வரியையும் சிறிது சிறிதாக முன்தள்ளி இரு பக்கத்துக் கற்களையும் உச்சியில் சந்திக்கவைக்கும் திறப்புகளும் பேக்கரிடம் நிறைய உண்டு. அத்தகைய திறப்பின் வடிவத்தைச் செங்கல்லின் அளவுதான் தீர்மானிக்கிறது. கல்லின் அளவு மாறினால் திறப்பின் சரிவும் மாறும். மென்பொருளிலோ படிக்கட்டு விளிம்புகொண்ட ஓர் உருவத்தை வரைந்து அதைச் சுவரிலிருந்து கழிக்கிறோம். காரணம் விளைவாகவும் விளைவு காரணமாகவும் இடம் மாறிவிடுகின்றன.

ஜாலிக்கு வருவோம். இச்சொல்லைத் தமிழில் எழுதும்போதெல்லாம் வாசகருக்கு ஒரு புன்னகை வரும் என்பது தெரிந்ததே. வட இந்தியக் கட்டடங்களில் வலைபோன்ற துளைத்தடுப்பைக் குறிக்கும் சொல், நம்மிடம் வரும்போது உல்லாசமாகிவிட்டது. செங்கல் ஜாலியைப் படைப்பதற்குக் கல்லை வெட்ட வேண்டியதில்லை, துளை போட வேண்டியதில்லை. கற்களுக்கு நடுவே இடம் விட்டு வைத்துக்கொண்டே போக வேண்டும், அவ்வளவுதான். எங்கே கல் வைக்கவில்லையோ அங்கே சாளரம். வெறுமை பிற்பாடு குடையப்படுவதில்லை, கல்லோடு கூடவே அடுக்கப்படுகிறது.

இதை மாதிரியாக்க மாணவர்கள் கையாளும் வழிகள் நான்கு. வெறும் சுவராக வரைந்து அதன் முகத்தில் ஜாலியின் படத்தை ஒட்டிவிடுவது முதலாவது. பார்வைக்கு அழகு, தகவலுக்குக் கற்சுவர், காற்று புகாது. நூற்றுக்கணக்கான சிறு திறப்புகளைச் சுவரிலிருந்து கழிப்பது இரண்டாவது. கணினி திணறும் என்பதோடு, ஒவ்வொரு துளையும் தனித் திறப்பாகப் பட்டியலில் வந்து நிற்கும். மூன்றாவது, திரைச்சுவர் என்ற வகையைப் பயன்படுத்துவது. உலோகச் சட்டங்களுக்கு நடுவே கண்ணாடி பதித்த அலுவலகக் கட்டடங்களுக்காக ஏற்பட்ட வகை அது. அதன் சட்டகத்தைச் செங்கலாக மாற்றிப் பெயர் சூட்டி ஏமாற்றலாம். எடை தாங்கும் செங்கல் ஜாலி தகவல் கோப்பில் எடை தாங்காத கண்ணாடி முகப்பின் உறவினராகப் பதிவாகும். நான்காவது, ஒவ்வொரு செங்கலையும் தனிப்பொருளாக அடுக்குவது. உண்மைக்கு மிக அருகில் வருவது இதுதான். ஆனால் அப்போது மென்பொருளுக்கு அங்கே சுவர் என்ற ஒன்றே கிடையாது, கற்குவியல்தான் உண்டு.

தளப்படத்திலும் இதே சிக்கல் எழும். தரையிலிருந்து ஏதோ ஓர் உயரத்தில் கட்டடத்தைக் கிடைமட்டமாக வெட்டிப் பார்ப்பதே தளப்படம். ஜாலியை ஒரு வரியில் வெட்டினால் ஓரிடத்தில் கல்லும் அடுத்த இடத்தில் வெறுமையும் தெரியும். ஒரு வரி மேலே வெட்டினால் கல் இருந்த இடத்தில் வெறுமை, வெறுமை இருந்த இடத்தில் கல். இரண்டும் சரியான தளப்படங்கள். எந்த ஒன்றும் முழுமையானதன்று.

இங்கே ஒரு வியப்பு. நம் நாட்டுப் பொதுப்பணி அளவீட்டு முறை இந்தச் சிக்கலை எப்போதோ தீர்த்துவைத்திருக்கிறது. கட்டட வேலைகளை அளக்கும் முறையைச் சொல்லும் ஐ.எஸ். 1200 தரத்தின் செங்கல் வேலைப் பகுதியில், 0.1 சதுர மீட்டர் வரையிலான திறப்புகளுக்குக் கழிவு கிடையாது. தேன்கூட்டுக் கட்டு என்று அது குறிப்பிடும் துளைச்சுவரைக் கனஅளவில் அளக்காமல் சதுர மீட்டரில் அளக்க வேண்டும், சுவரின் கனத்தையும் கட்டின் அமைப்பையும் குறிப்பிட வேண்டும், துளைகளைக் கழிக்கக் கூடாது என்கிறது. எத்தனை செறிவான அறிவு இது! துளைச்சுவர் என்பது ‘சுவர் கழித்தல் துளை’ அன்று, தனக்கென ஓர் அமைப்புப் பெயர் கொண்ட ஒரே பொருள் என்று, எண்களை மட்டுமே நேசிக்கும் ஓர் அரசு ஆவணம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. துளைவிட்டுக் கட்டுவது அடைத்துக் கட்டுவதைக் காட்டிலும் கவனம் வேண்டும் வேலை, அதற்குக் கூலியைக் குறைக்கக் கூடாது என்ற நியாயமும் அதற்குள் இருப்பதாக நான் வாசிக்கிறேன். மென்பொருள் தானாகக் கணக்கிட்டு, துளைகளைக் கழித்துக் கொடுக்கும் பட்டியலை ஒப்பந்தத்தோடு இணைத்தால் நட்டம் யாருக்கு என்பதை யோசித்துப் பாருங்கள்.

சாளரத்தின் கதை இதைவிடச் சுருக்கமானது. சட்டத்தின் செலவு பேக்கருக்குப் பிடிக்காத செலவுகளுள் ஒன்று. மேலே ஒரு குழி, கீழே ஒரு குழி, நடுவே சுழலும் ஒரு செங்குத்துப் பலகை. சட்டமும் கீலும் இல்லாத சாளரம் அது. பொது வடிவத்திலோ சாளரத்திற்குச் சட்டத்தின் கனமும் ஆழமும் எழுதுவதற்கென்றே தனிப் பண்புத்தொகுதி ஏற்படுத்தப்பட்டிருக்கிறது. சுழியம் என்று எழுதலாம். ஒருவர் வேண்டுமென்றே விலக்கிய ஒன்றை, இருக்க வேண்டியது இல்லாமற்போனதாகப் பதிவது எத்தகைய வரலாற்றெழுத்து?

தம்பானூரில் தொடர்வண்டி நிலையத்திற்கு எதிரே நிற்கும் இந்தியன் காஃபி ஹவுஸில் அமர்ந்தவர்களுக்கு இன்னொரு சிக்கலும் புரியும். அங்கே மாடி என்று எதுவும் இல்லை. சரிவுப்பாதை ஒன்று சுழன்று சுழன்று ஏறிக்கொண்டே போகிறது, மேசைகளும் அதன் ஓரத்திலேயே ஏறுகின்றன, சுவரின் சிறு திறப்புகளும் உடன் ஏறுகின்றன. மென்பொருளில் ஒவ்வொரு சுவரும் ஏதேனும் ஒரு தளமட்டத்தில் கால் ஊன்றியாக வேண்டும். ‘இந்தச் சுவர் எந்தத் தளத்தைச் சேர்ந்தது?’ என்று அது கேட்கும்போது, பரிமாறுபவர் கொண்டுவந்து வைத்த பீட்ரூட் கட்லெட்டை உண்பது தவிர வேறு விடை எனக்குத் தோன்றவில்லை.

மொழிவழியாகவும் சற்று யோசிக்கலாம். சன்னல் என்பது போர்த்துக்கீசியர் வழிவந்த சொல், மலையாளத்திலும் அதுவே சனல் என வழங்குகிறது. அதற்கு முன்பே நம்மிடம் இரு சொற்கள் இருந்தன. ஒன்று காலதர், கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்து மாளிகைகளைப் பேசுமிடத்தில் அச்சொல் வருகிறது. மற்றொன்று பலகணி, பல கண்கள் உடையது. இரண்டிலுமே சுவர் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒன்று காற்றின் நடையைச் சொல்கிறது, மற்றொன்று கண்களின் பன்மையைச் சொல்கிறது. சுவரிலிருந்து எடுக்கப்பட்ட ஒரு துண்டு என்ற எண்ணம் இரண்டிலும் தென்படவில்லை. செங்கல் ஜாலிக்குத் தமிழில் புதுச்சொல் ஆக்க முயலும் நண்பர்களுக்கு, பலகணி என்ற சொல் அரிதாகவே எடுத்தாளப்பட்டுக் காத்திருக்கிறது என்பதை நினைவூட்ட விரும்புகிறேன்.

சொல்லோடு பொருளும் அருகிலேயே கிடைக்கிறது. திருவிதாங்கூரின் பழைய தலைநகரமான பத்மநாபபுரத்தின் அரண்மனை, நிலத்தால் தமிழ்நாட்டுக் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது, பராமரிப்பால் கேரள அரசுடையது. அதன் மேல்மாடங்களில் மரச்சட்டங்கள் நெருங்கி நின்றே சுவராகின்றன. உள்ளிருப்பவருக்குத் தெரு தெரியும், தெருவிலிருப்பவருக்கு உள்ளே தெரியாது. வெயில் நின்றுவிடும், காற்று நில்லாது. அங்கே நின்று ‘சுவர் எங்கே முடிகிறது, சாளரம் எங்கே தொடங்குகிறது?’ என்று கேட்டால் விடை கிடையாது. பர்மிங்காமில் 1917இல் பிறந்து, 1945இல் இந்தியாவுக்கு வந்து, 1989இல் இந்தியக் குடிமகனாகி, 2007இல் திருவனந்தபுரத்திலேயே மறைந்த ஒருவர், வெப்பமும் ஈரமும் நிறைந்த இம்மண்டலம் மரத்தில் கண்டறிந்திருந்ததைச் செங்கலில் மலிவாகச் செய்து காட்டினார்.

‘மென்பொருள் ஒரு கருவிதானே, எந்த மாதிரியும் உண்மையைச் சுருக்கத்தானே செய்யும்?’ என்ற மறுப்பை எதிர்பார்க்கிறேன். உண்மை. எல்லா மாதிரியும் எதையோ விடும். ஆனால் எதை விடுவது என்பதை ஆய்வாளர் முடிவு செய்ய வேண்டும். பொத்தானின் இயல்புநிலை முடிவு செய்தால் அது ஆய்வன்று. அண்மையில் ஒரு கல்லூரியின் இறுதியாண்டு மாணவர்கள் செங்கல் ஜாலிகள் நிறைந்த ஒரு வீட்டை ஆவணப்படுத்திய கோப்பைப் பார்க்க நேர்ந்தது. உழைப்பில் குறையில்லை. அளவுகள் மில்லிமீட்டர் வரை சரி. படங்கள் கண்ணைப் பறித்தன. சுவர்களின் வகையைச் சொடுக்கிப் பார்த்தேன். அத்தனையும் ‘ஜெனரிக் 200 மில்லிமீட்டர்’. மென்பொருள் முதலில் நீட்டும் சுவர் அது. ஜாலியும் அதுவே, எலிப்பொறிக் கட்டும் அதுவே, கழிவறைத் தடுப்பும் அதுவே. 50 ஆண்டு கழித்து அந்த வீடு இடிந்துபோய் அந்தக் கோப்பு மட்டும் எஞ்சினால், வருங்கால ஆய்வாளர் எதைக் கற்றுக்கொள்வார்? மாணவர்களை நான் குறை சொல்லவில்லை. ‘கற்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன?’ என்று மதிப்பீட்டாளர்களுள் ஒருவரும் கேட்கவில்லை. அக்கேள்விக்கு மதிப்பெண் அட்டவணையில் இடம் இல்லை.

சட்டத்தின் பக்கமும் இதே இலக்கணம் நுழைந்துகொண்டிருக்கிறது. குடியிருப்புகளுக்கான ஆற்றல் சேமிப்பு விதியான ‘எக்கோ நிவாஸ் சம்ஹிதா’ 2018இல் வந்தது. வெப்ப-ஈர மண்டலத்தில், திறக்கக்கூடிய சாளரப் பரப்பு உள்தளப் பரப்பில் 16.66 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்கிறது அது. காற்றோட்டத்தை எண்ணால் கேட்பது நல்ல செய்தி. ஆனால் ‘திறக்கக்கூடிய’ என்ற அடைமொழியைக் கவனியுங்கள். ஜாலியைத் திறக்கவும் முடியாது, மூடவும் முடியாது. எப்போதும் திறந்திருப்பதைத் திறக்கக்கூடியது என்று ஏற்பதா? நியாயம் தெரிந்த அதிகாரி ஏற்பார். மாதிரிக் கோப்பைத் தானாகச் சரிபார்க்கும் நிரல், ‘சாளரம்’ என்று பெயரிட்ட பொருள்களை மட்டும் கூட்டும். படம் ஒட்டிய சுவராக ஜாலியை வரைந்தவரின் வீடு, காற்றே புகாத வீடாக அங்கே தோல்வியுறும். பிறகு அவர் என்ன செய்வார்? அலுமினியச் சாளரம் ஒன்றைச் சேர்ப்பார்.

எனவே சில முன்மொழிவுகள். ஐ.எஃப்.சி. வடிவம் மூடிய பெட்டியன்று. புதிய பண்புத்தொகுதிகளைச் சேர்க்க அதில் இடமுண்டு. செங்கல்லின் உண்மை அளவு, கட்டின் பெயர், வரிகளின் எண்ணிக்கை, துளையின் விகிதம், திறப்பின் ஓரம் அடைக்கப்பட்ட முறை ஆகிய ஐந்தையும் ஒவ்வொரு சுவரோடும் பதிவதற்கு இன்றே எந்தத் தடையும் இல்லை. வடிவத்தை எப்படியும் சுருக்கி வரையுங்கள், சுருக்கியது எதை என்பதைக் கோப்புக்குள்ளேயே எழுதுங்கள்.

அடுத்தது கருவியைப் பற்றியது. கட்டற்ற மென்பொருளான ஃப்ரீகேடில், சுவரைக் கற்களாகப் பிரித்துக் காட்டும் வசதி உண்டு. கல்லின் நீளம், உயரம், சாந்தின் கனம், வரிக்கு வரி விலகல் ஆகியவற்றைக் கொடுத்தால், முழுக்கல் எத்தனை, உடைந்த கல் எத்தனை என்று எண்ணியும் சொல்லும். உடைந்த கல்லை எண்ண வேண்டும் என்று நினைத்த நிரலாளர் நிச்சயம் ஒரு கட்டுமானத் தளத்தில் நின்றவராக இருக்க வேண்டும்! ஆனால் அது சுவரை முகத்தில்தான் பிரிக்கிறது, கனத்திற்குள் இருக்கும் இடைவெளியை அறியாது. எலிப்பொறிக் கட்டையும் ஜாலிக் கட்டுகளையும் அறிந்த ஒரு நீட்டிப்பை எழுதுவது பெரிய நிறுவனங்களால் மட்டுமே இயலும் வேலையன்று. பள்ளிக் கல்வியிலேயே கட்டற்ற மென்பொருளைக் கொண்டுவந்த மாநிலம் இது. அதற்கென அரசு ஏற்படுத்திய ஐசிஃபாஸ் என்ற மையமும் இந்நகரத்திலேயே இருக்கிறது. பேக்கரும் அச்சுத மேனனும் கே.என். ராஜும் பங்கேற்று 1985இல் உருவான காஸ்ட்ஃபோர்டு அமைப்பின் வழியே, இக்கட்டுகளைக் கையால் அறிந்தவர்களும் இங்கே இருக்கிறார்கள். நிரல் அறிந்தவரும் கல் அறிந்தவரும் ஒரே மேசையில் அமர, திருவனந்தபுரத்தைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை. முதுகலை ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடும் நண்பர்கள் இதை எடுத்துக்கொள்ளலாம், உரிமை கோரமாட்டேன்.

கற்பிக்கும் ஆசிரியர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். முதலாண்டு மாணவர்களுக்குச் சுவர்ப் பொத்தானைக் காட்டுவதற்கு முன்பு நூறு செங்கற்களை முற்றத்தில் இறக்குங்கள். சாந்து வேண்டாம். முழங்கால் உயரத்திற்கு ஒரு ஜாலியை அடுக்கச் சொல்லுங்கள், பிறகு அதன் தளப்படத்தை வரையச் சொல்லுங்கள். எந்த உயரத்தில் வெட்டுவது என்று அவர்களே வந்து கேட்பார்கள். வரைந்த தாளின் ஓரத்தில், வெட்டு எத்தனையாவது வரியில் செல்கிறது என்று எழுதச் செய்யுங்கள். ஆய்வேடுகளிலும் அந்தக் குறிப்பு இல்லாத ஜாலித் தளப்படத்தைத் திருப்பி அனுப்புங்கள்.